‘மூச்சு பத்த மாட்டேங்குதுங்க’: ஒரு பனியன் கம்பெனித் தொழிலாளியின் நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவில் வரும் பெண்ணிடமும் அவர் கணவரிடமும் சம்மதம் வாங்கிய பிறகே, அவருக்குச் சிகிச்சை பார்த்த டாக்டராக இதை எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில்லறை விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கையும் நான் செய்த தவறுகளையும் மாற்றவில்லை.

பின்னணி

அவருக்கு வயது 34. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். கணவர் சாயப்பட்டறையில் வேலை. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். ஞாயிறு ஒருநாள் விடுமுறை. ஷிப்மெண்ட் நெருக்கடி வந்தால் ஒன்றரை ஷிஃப்ட். அதாவது காலையில் உட்கார்ந்தவர் எழுந்து வீட்டுக்குக் கிளம்ப இரவு எட்டரை, ஒன்பது ஆகிவிடும்.

இதற்கு முன் இளைப்பு இருந்ததில்லை. குடும்பத்திலும் யாருக்கும் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் கிடையாது.

இரண்டு விஷயங்களை முதலில் நான் கேட்கவே இல்லை. பல வாரம் கழித்துத்தான் தெரிந்தது. ஒன்று, 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில் கணவரின் அண்ணன் இறந்துபோனார். அவர் வீட்டில் படுத்திருந்த மூன்று நாளும் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி எண்ணைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது இவர்தான். 94, 91, 86 என்று அது இறங்கியதை இவர் கண்ணால் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சுக்குள்ளேயே பல மணிநேரம் காத்திருந்திருக்கிறார்கள். அந்தக் கருவி அதற்குப் பிறகும் வீட்டு ஃபிரிட்ஜின் மேலேயே இருந்தது. இரண்டாவது, கடன். மகளிர் குழு வழியாக வாங்கிய இரண்டு கடன்களுக்கு வாரத் தவணை. வசூலுக்கு ஆள் வருவது புதன்கிழமை காலை.

முதல் இரவு

2022 டிசம்பர் இரண்டாம் வாரம். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, படுத்தவருக்கு இரவு பதினொன்றரை மணிவாக்கில் மூச்சு போதவில்லை என்று தோன்றியிருக்கிறது. எழுந்து உட்கார்ந்தார். ஜன்னலைத் திறந்தார். பிறகு திண்ணைக்கு வந்துவிட்டார். நெஞ்சு படபடவென்று அடித்தது. “இழுத்தா பாதியிலயே நின்னுக்குதுங்க, உள்ள போக மாட்டேங்குது” என்பது அவர் சொன்ன வார்த்தை.

மாமியார் முதுகை நீவிவிட்டபடி, “நல்லா மூச்ச இழு கண்ணு, நல்லா இழு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கணவரும் அதையே சொன்னார். கூடிவிட்ட அக்கம்பக்கத்தாரும் அதையேதான் சொன்னார்கள். அவரும் இழுத்தார். சில நிமிடங்களில் விரல் நுனிகளும் உதட்டைச் சுற்றியும் மரமரத்தன. தலை கிறுகிறுத்தது. அப்புறம் இரண்டு கைகளும் மணிக்கட்டில் மடங்கி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பிப்போய், கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் இழுத்துக்கொண்டது. வலிப்பு என்று நினைத்த மாமியார் பீரோ சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணித்திருக்கிறார். விரல்கள் பிரியாததால் சாவி கீழே விழுந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குத் தான் செத்துவிடுவோம் என்றே தோன்றிவிட்டது.

கணவர் ஆக்சிமீட்டரை மாட்டினார். 99 காட்டியது. “மிஷினு பொய் சொல்லுது” என்று மனைவி கத்தினாராம்.

பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, நெபுலைசர் (மருந்தை ஆவியாக்கி மூச்சில் ஏற்றுவது) எல்லாம் செய்தார்கள். மணிக்கட்டுத் தமனியில் ஊசி போட்டும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். மாரடைப்பு இல்லை, நுரையீரல் சுத்தம். விடிகாலையில் “ஒண்ணுமில்லம்மா, டென்ஷன்தான், கேஸ் ட்ரபுளும் இருக்கு” என்று சொல்லி, பதற்றத்தைத் தணிக்கும் 0.25 மில்லிகிராம் அல்பிரசோலம் மாத்திரை ஒரு அட்டையும் வயிற்றுக்கு மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்தப் பிரிவு செய்த பரிசோதனைகளில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆபத்தானதை முதலில் விலக்கினார்கள். ஆனால் கை கோணிப்போய் வந்த மனுஷியிடம் “ஒண்ணுமில்ல” என்று சொன்னால், இந்த டாக்டருக்குத் தெரியவில்லை என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

அடுத்த இரண்டு வாரத்தில் மூன்று முறை அதே மாதிரி வந்தது. வேறொரு இடத்தில் இன்னொரு முறை ஆவி வைத்தார்கள். காத்து கருப்பு என்று சந்தேகப்பட்ட மாமியார் கோயிலில் மந்திரித்துத் தாயத்தும் கட்டிவிட்டார். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்று அவர் என்னிடம் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. பயம் குறைந்தால் மூச்சு சீராகிறது என்ற முதல் தடயத்தை அவர் கொண்டுவந்து தந்திருந்தார்.

கிளினிக்கில் முதல் பார்வை

டிசம்பர் கடைசியில் எங்களிடம் வந்தார். நாடி 104. ரத்த அழுத்தம் 130/80. ஆக்சிஜன் அளவு 99. மூச்சு நிமிடத்துக்கு 22 என்று குறித்திருக்கிறேன். உண்மையில் எண்ணினேனா, கண்ணால் பார்த்துப் போட்டேனா என்று இப்போது என்னால் சத்தியம் செய்ய முடியாது. முதுகில் ஓரிரு இடத்தில் லேசான இளைப்புச் சத்தம் கேட்டது போல இருந்தது.

நான் யோசித்தது இதுதான்: பனியன் கம்பெனி, பஞ்சுத் தூசி, மார்கழிப் பனி, இரவில் மூச்சுத்திணறல். ஆஸ்துமா. எங்கள் ஊரில் இப்படி யோசிப்பது தவறும் இல்லை. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புடமால் பம்ப்பும், காலை மாலை இழுக்க ஒரு ஸ்டீராய்டு பம்ப்பும் எழுதினேன். மூச்சு வாங்கும்போதெல்லாம் முதல் பம்ப்பை இரண்டு இழுப்பு இழுக்கச் சொன்னேன்.

கண்ணெதிரே இருந்தும் கவனிக்காமல் விட்டவை இவை. இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை ‘உஸ்’ என்று பெருமூச்சு விட்டார். மூச்சு இழுக்கும்போது தோளும் கழுத்துத் தசையும் ஏறின. வயிறு அசையவே இல்லை. பேசும்போது வாய்வழியாகவே காற்றை எடுத்தார். அவர் மடியில் ஒரு கனத்த ஃபைல் இருந்தது. ஈசிஜியை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு மூடினேன்.

வீணான மூன்று வாரம்

பம்ப் உதவவில்லை. கெடுத்தது. சால்புடமால் இதயத்தை வேகமாக அடிக்கவைக்கும், கை நடுக்கம் தரும். ஏற்கெனவே படபடப்புக்குப் பயந்திருப்பவருக்கு மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை படபடப்பை மருந்தாகக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு இழுப்பு வரை போய்விட்டார். ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் ஆழமாக மூச்சை வெளியே விட்டு, ஆழமாக உள்ளே இழுக்க வேண்டும். அதை வேறு ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

கம்பெனிக்குப் போவது நின்றது. பஸ்ஸில் ஏற பயம். குளியலறைக் கதவைத் தாழ் போடுவதில்லை. ஆக்சிமீட்டர் விரலைவிட்டு இறங்கவில்லை. 99 இருந்தால் “கெட்டுப்போச்சு போல”, 97 வந்தால் “இறங்குது”. எந்த எண்ணும் அவருக்கு ஆறுதல் தரவில்லை.

பரிசோதனை மேசையில் நடந்தது

2023 ஜனவரி மூன்றாம் வாரம். மருந்து கேட்கவில்லையே என்று இந்த முறை நிதானமாகப் பரிசோதிக்க முடிவுசெய்தேன். ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்து, எல்லா டாக்டரும் சொல்வதையே சொன்னேன்: “வாயைத் திறந்து நல்லா மூச்சை இழுத்து விடுங்க.” ஒவ்வொரு இடமாக நகர்த்திக் கேட்டேன். முன்பக்கம், பின்பக்கம், மறுபடி பின்பக்கம். பதினைந்து, பதினாறு மூச்சு ஆகியிருக்கும். இளைப்புச் சத்தம் எங்கேயும் இல்லை.

திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “இதாங்க டாக்டர், இதேதானுங்க. விரலு மரமரங்குது. தலை சுத்துது. இப்பப் பாருங்க, இப்ப வந்துருச்சு.”

அன்றைக்கு அது தானாக வரவில்லை. நான்தான் வரவழைத்திருந்தேன். மூச்சு குறைந்ததால் இல்லை, கூடியதால் வந்தது. திண்ணையில் கூடி நின்று எல்லோரும் சொன்னதும், நாங்கள் பம்ப்போடு சொல்லிக் கொடுத்ததும், இப்போது ஸ்டெதாஸ்கோப்போடு நான் சொன்னதும் ஒன்றே: இழு.

மேசையிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்காரவைத்தேன். வாயை மூடி, மூக்கால் கொஞ்சமாக எடுத்து, சூடான டீயை ஊதுகிற மாதிரி மெல்ல மெல்ல வெளியே விடச் சொன்னேன். கூடவே நானும் செய்தேன். நான்கு நிமிடத்தில் விரல் மரமரப்பு அடங்கியது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் தாக்குதலுக்குப் பிறகு ஊசி, ஆவி, மாத்திரை இல்லாமல் அது அடங்கியது அன்றுதான்.

ஃபைலுக்குள் இருந்த சீட்டு

அதன் பிறகுதான் ஃபைலை முழுதாகப் புரட்டினேன். ஈசிஜிக்குப் பின்னால் மடித்து வைத்த சிறிய சீட்டு ஒன்று இருந்தது. முதல் இரவு தமனியில் எடுத்த ரத்தத்தின் முடிவு: பி.எச். (ரத்தத்தின் அமில-கார அளவு) 7.53, கரியமில வாயு அழுத்தம் 26, ஆக்சிஜன் அழுத்தம் 108, பைகார்பனேட் 21. வெளிக்காற்றை மட்டும் சுவாசித்தபோது எடுத்தது.

கரியமில வாயுவின் இயல்பான அழுத்தம் 35 முதல் 45 வரை. பி.எச். 7.35 முதல் 7.45 வரை. அவருக்கு ஆக்சிஜன் தாராளமாக இருந்தது. கரியமில வாயுதான் கழுவிவிட்டது போலப் போயிருந்தது. பதில் ஐந்து வாரமாக அவர் மடியிலேயே இருந்திருக்கிறது.

பயம் வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகும், மூச்சும் வேகமெடுக்கும். நிஜமாகவே ஓடினால் தசைகள் அந்த அளவுக்குக் கரியமில வாயுவை உண்டாக்கும், கணக்கு சரியாகிவிடும். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு ஓடுகிறவர் மாதிரி மூச்சு விட்டால், உண்டாவதைவிட வெளியேறுவது கூடிப்போகும். ரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும். அப்போது ரத்தத்தில் தனித்துத் திரியும் கால்சியம் புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். தனிக் கால்சியம் குறைந்தால் நரம்புகள் தொட்டால் சிணுங்கி ஆகிவிடும். விரலும் உதடும் மரமரப்பதும், கை கூம்பிக்கொள்வதும் அதனால்தான். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களும் கரியமில வாயு குறையக் குறையச் சுருங்கும். அதுதான் கிறுகிறுப்பு, கண் இருட்டுவது. போதாததற்கு, அந்த நிலையில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திசுக்களுக்குத் தயங்கித் தயங்கியே விடும். ஆக ஆக்சிமீட்டர் 99 காட்டும், ஆள் மூச்சு போதவில்லை என்பார். மெஷினும் பொய் சொல்லவில்லை, அவரும் பொய் சொல்லவில்லை.

‘இழுத்தால் பாதியில் நிற்கிறது’ என்பதற்கும் காரணம் உண்டு. முழுதாக வெளியே விடாமல் அடுத்த மூச்சை எடுத்துக்கொண்டே போனால் நெஞ்சு ஏற்கெனவே விரிந்த நிலையிலேயே நிற்கும். மேற்கொண்டு விரிய இடமிருக்காது. அதைக் குடத்தை வைத்து விளக்கினேன்: “குடம் நெறஞ்சு கெடக்கு. மேல மேலப் புடிச்சா எங்கம்மா புடிக்கும்? கொஞ்சம் சாய்ச்சு ஊத்துங்க, அப்பறம் புடிக்கலாம்.” அது அவருக்குப் பிடித்துவிட்டது. மாமியாருக்கு இன்னும் அதிகமாகப் பிடித்தது.

இது புதிதாகக் கண்டுபிடித்த நோய் ஒன்றுமில்லை. 1871இல் டா கோஸ்டா என்ற மருத்துவர் அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களிடம் படபடப்பும் மூச்சுத்திணறலும் கலந்த இதே மாதிரியான நிலையை விவரித்திருக்கிறார். தேவைக்கு மேல் மூச்சு விடுவதால் வரும் இந்த நிலைக்கு மிகைமூச்சு நோய்க்குறி என்ற பெயர் மருத்துவ இதழ்களில் வந்தது 1937இல்.

விலக்கியவை

பதற்றம் என்று முடிவு கட்டுவதற்கு முன் மற்றவற்றை விலக்க வேண்டியிருந்தது. ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி எடுத்தோம். இயல்பாக இருந்தது; பம்ப் கொடுத்து மறுபடி ஊதியபோதும் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. ஆஸ்துமாவைக் காட்டும் மாற்றம் என்றால், பம்ப்புக்குப் பிறகு முதல் விநாடியில் ஊதும் காற்று 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூட வேண்டும். தைராய்டு சரி. கர்ப்பம் இல்லை. கால் வீக்கமோ, ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்குமோ என்று சந்தேகிக்க வேறு காரணமோ இல்லை. சர்க்கரை இயல்பு. ஹீமோகுளோபின் மட்டும் 10.4. ரத்தசோகை தானே படபடப்பைத் தரும் என்பதால் இரும்புச்சத்து மாத்திரை தொடங்கினோம். அது இந்தக் கதையின் காரணம் அல்ல, ஆனால் எரிகிற அடுப்பில் ஒரு சுள்ளி.

பஞ்சு நோயையும் யோசித்தோம். நூற்பாலைகளில் பல வருடம் பஞ்சுத் தூசியில் நிற்பவர்களுக்கு வரும் அந்த நெஞ்சிறுக்கம், விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மோசமாக இருக்கும், அதாவது திங்கள்கிழமை. எனவே எந்தக் கிழமை வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதிவரச் சொன்னேன். பழைய தாக்குதல்களையும் காலண்டரைப் பார்த்து நினைவிருக்கும்வரை எழுதச் சொன்னேன்.

நைமேகன் வினாப்பட்டியலையும் கேட்டோம். 16 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். 23க்கு மேல் போனால் மிகைமூச்சைச் சந்தேகிக்கலாம். நானே பேச்சுத்தமிழில் மாற்றிக் கேட்டதால் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. அவருக்கு 38 வந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இரண்டு பம்ப்பையும் நிறுத்தினோம். மூன்று வாரம் முன் நானே எழுதியதை நானே நிறுத்தியபோது, “நான் தப்பாக் கணிச்சுட்டேம்மா” என்று சொன்னேன். தயங்கித்தான் சொன்னேன். நம்பிக்கை போய்விடுமோ என்று இருந்தது. போகவில்லை.

அல்பிரசோலம் அட்டையில் ஆறு மாத்திரை மிச்சம் இருந்தது. அதைத் தொடரவில்லை. உடனே அடக்கும், உண்மைதான். ஆனால் வாரக்கணக்கில் போனால் பழக்கமாகும், விடும்போது அதே படபடப்பு திரும்ப வரும். அதோடு, மாத்திரை இருந்ததால்தான் பிழைத்தேன் என்ற எண்ணம் ஊன்றிவிட்டால் மூச்சுப் பயிற்சி ஏறாது.

காகிதப் பையை வாயில் வைத்து மூச்சு விடும் பழைய முறையைக் கணவர் எங்கோ பார்த்துவிட்டுக் கேட்டார். வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னோம். மூச்சு வாங்குவது மாரடைப்பாலோ நுரையீரல் கோளாறாலோ என்றால், பைக்குள் ஆக்சிஜன் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். 1989லேயே இதைப் பற்றி மருத்துவ இதழில் எச்சரிக்கை வந்துவிட்டது. வீட்டில் இருப்பவர்களால் எது எது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

பயிற்சியை எளிதாக வைத்துக்கொண்டோம். காலையும் இரவும் பத்து நிமிடம், மல்லாந்து படுத்து, ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். வயிற்றுக் கை மட்டும் ஏற வேண்டும். மூக்கு வழியாக மூன்று எண்ணும்வரை எடுக்க வேண்டும்; அதுவும் ஆழமாக வேண்டாம், பக்கத்தில் தூங்கும் குழந்தையின் மூச்சு மாதிரி சின்னதாக. வெளியே விட ஐந்து எண்ண வேண்டும், டீ ஊதுகிற மாதிரி. விட்ட பிறகு அவசரப்படாமல் ஒரு நொடி சும்மா இருக்க வேண்டும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு சற்று இறங்கும். நாடியைப் பிடித்துக்கொண்டு செய்தால் அதை விரலிலேயே உணரலாம். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று சில இடங்களில் சொல்வார்கள். நல்லதுதான். ஆனால் 22இல் இருப்பவரை முதல் நாளே ஆறுக்கு இழுத்தால் மூச்சு முட்டி, நம்மையே வெறுத்துவிடுவார். முதல் வாரம் அவர் மூன்றுக்கு நான்கு என்றுதான் தொடங்கினார்.

பயிற்சி தாக்குதலின்போது செய்வதற்கு மட்டும் அல்ல என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. வெள்ளம் வந்த பிறகு நீச்சல் கற்க முடியாது.

வீட்டாருக்கு ஒரே ஒரு விதி. “இழு” என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், “மெதுவா விடு” என்று மட்டும் சொல்லுங்கள். முதுகை வேகமாக நீவாதீர்கள், விசிறாதீர்கள், கூட்டம் சேர்க்காதீர்கள். மாமியாரை இதற்குப் பொறுப்பாக்கினோம். என் மாத்திரைகளைவிட இந்த முடிவு வேலை செய்தது என்றே நினைக்கிறேன்.

ஆக்சிமீட்டர் மாமியாரின் டிரங்குப் பெட்டிக்குள் போனது. ஆனால் தூக்கிப் போட வேண்டாம் என்று கணவர் பிடிவாதமாக நின்றார். அண்ணன் கதையை நான் கேட்டது அப்போதுதான்.

இரவில் எங்களைப் பிடிக்க முடியாத நேரத்துக்கு 14416 எண்ணை எழுதிக் கொடுத்தோம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவை அது. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. கூடவே, நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினாலும், மயங்கி விழுந்தாலும், உதடு நீலம் பாரித்தாலும், காய்ச்சலோடு மூச்சு வாங்கினாலும், ஆக்சிமீட்டர் 94க்குக் கீழ் நிலையாக நின்றாலும், எதையும் யோசிக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும் என்றும் எழுதினோம். பதற்றம் இருப்பவருக்கு மாரடைப்பு வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

நோட்டு சொன்னது

பிப்ரவரி நடுவில் நோட்டோடு வந்தார். பதினொரு பதிவுகள். அதில் எட்டு, செவ்வாய் இரவு. திங்கள்கிழமை ஒன்றுகூட இல்லை.

நான் பஞ்சைத் தேடிக் கிழமை கேட்டேன், கிடைத்தது கடன். புதன் காலை தவணை கட்ட ஆள் வருவார்கள், பணம் குறைந்தால் குழுவில் மற்ற பெண்கள் போட்டுக் கட்ட வேண்டும், தெருவில் பேச்சாகும். வேலைக்குப் போகாததால் கூலி இல்லை. கூலி இல்லாததால் செவ்வாய் இரவு இன்னும் கனத்தது. அவருக்கே இந்தக் கணக்கு தெரியாது. நோட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அட ஆமாங்க” என்றார்.

கடனுக்கு டாக்டர் மருந்து எழுத முடியாது. குழுத் தலைவியிடம் பேசி நான்கு வாரத்துக்குப் பாதித் தவணை என்று கணவர் கேட்டு வாங்கியது அவருடைய முயற்சி.

பின்னடைவு

மார்ச் முதல் வாரத்தில், பத்து நாள் எதுவும் வராமல் இருந்தவருக்கு ஒரே நாளில் இரண்டு முறை வந்தது. பயிற்சி பயன் தரவில்லை என்று அழுதார். கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. மூச்சுப் பயிற்சி நல்லது என்று டாக்டரே சொல்லிவிட்டாரே என்று, தங்கை அனுப்பிய ஒரு காணொளியைப் பார்த்துக் காலையில் கபாலபாதியும் செய்யத் தொடங்கியிருக்கிறார். வேகவேகமாக வயிற்றை உள்ளிழுத்துக் காற்றைத் தள்ளும் பயிற்சி அது. பழகியவர்களுக்கு அது வேறு. மிகைமூச்சு உள்ளவருக்கு அது நாங்கள் மேசையில் செய்த அதே சோதனை. பூரகம், கும்பகம், ரேசகம் என்று மூச்சை அடக்கும் பயிற்சிகளையும் அப்போதைக்கு நிறுத்தச் சொன்னோம். தவறு என்னுடையதுதான்: எதைச் செய்ய வேண்டும் என்று சொன்னேன், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லவில்லை.

மனநலப் பிரிவும் அதன் பிறகும்

மூச்சு அடங்கினாலும் பஸ் பயம் போகவில்லை. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தேன். “எனக்கென்ன பைத்தியமா?” என்று கணவர் மூலம் கேட்டனுப்பினார். நானே போனில் பேசினேன். மூச்சு ஏன் தப்பாகிறது என்று இப்போது தெரிந்துவிட்டது, பயம் ஏன் வருகிறது என்று பார்க்க வேண்டாமா என்றேன். இரண்டு வாரம் கழித்துப் போனார்.

அங்கே உளவியலாளர் ஆறு அமர்வுகள் பார்த்தார். ஆறு வாரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் பதற்றத்துக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை தொடங்குவது என்று மனநல மருத்துவர் முடிவு செய்து வைத்திருந்தார், தேவைப்படவில்லை. அமர்வுகளில் ஒரு பகுதி, வேண்டுமென்றே ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடவைத்து, விரல் மரமரத்ததும் பயப்படாமல் அது தானாகப் போவதைப் பார்க்கவைப்பது. இதயமும் நுரையீரலும் நன்றாக இருக்கின்றன, வலிப்பு இல்லை, கர்ப்பம் இல்லை என்று உறுதியான பிறகே அதைச் செய்தார்கள். மரமரப்பு ஆபத்தின் அடையாளம் என்று நம்பியவர், அது தன் மூச்சு செய்யும் வேலை என்று கண்டுகொண்டார். மூன்றாவது முறை செய்தபோது சிரித்துவிட்டாராம்.

பஸ் விஷயத்தில் முதலில் ஒரு ஸ்டாப் கணவரோடு, பிறகு ஒரு ஸ்டாப் தனியாக, பிறகு கம்பெனி வரை. ஏப்ரல் கடைசியில் வேலைக்குத் திரும்பினார். ஒரு ஷிஃப்ட் மட்டும்.

விளைவு

2023 மே மாதம்: முந்தைய நாலு வாரத்தில் ஒரு முறை, அதுவும் வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் அடங்கியது. ஓய்வில் மூச்சு 14. இந்த முறை முழு ஒரு நிமிடம் எண்ணினேன், அவருக்குத் தெரியாமல், நாடி பிடிப்பது போலப் பாவனை செய்துகொண்டு. தெரிந்தால் மூச்சு மாறிவிடும். வினாப்பட்டியலில் 17. ஹீமோகுளோபின் 11.8.

ஆகஸ்டில் ஒரு கடன் முடிந்தது. அதன் பிறகு அந்த வருடம் முழுவதும் கை கூம்பும் அளவுக்கு ஒருமுறைகூட வரவில்லை. மூச்சுப் பயிற்சி எவ்வளவு, உளவியலாளர் எவ்வளவு, இரும்புச்சத்து எவ்வளவு, தீர்ந்த கடன் எவ்வளவு என்று பங்கு பிரிக்க என்னால் முடியாது. கடனுக்கு நிறையப் பங்கு உண்டு என்பது என் ஊகம்.

இன்று செய்வதாக இருந்தால்

ஃபைலை முதல் நாளே கடைசித் தாள்வரை பார்ப்பேன். மூச்சை எண்ணுவேன். ஸ்பைரோமெட்ரி எடுக்காமல் 34 வயதில் புதிதாக ஆஸ்துமா என்று எழுத மாட்டேன். ஸ்டெதாஸ்கோப் வைக்கும்போது நாலைந்து மூச்சுக்கு ஒருமுறை நிறுத்தி, “இப்ப சாதாரணமா விடுங்க” என்று இடைவெளி கொடுக்கிறேன். அதைப் பழக்கமாக்கிக்கொள்ள எனக்கே சில மாதம் பிடித்தது. வீட்டில் யாராவது மூச்சுத்திணறி இறந்ததுண்டா என்ற கேள்வியை முதல் சந்திப்பிலேயே கேட்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது. இந்தப் பெண் தேறி வந்த அதே வெயில்காலத்தில், ஒரு கல்லூரி மாணவியை அவர் அம்மா கூட்டிவந்தார். வேகமான மூச்சு, நெஞ்சு சுத்தம், ஆக்சிஜன் 99. “பரீட்சைப் பயமுங்க டாக்டர், நேத்திருந்து இப்படித்தான்” என்றார் அம்மா. டீ ஊதுகிற மாதிரி விடச் சொல்ல வாயெடுத்துவிட்டேன். மூச்சு வேகமாக மட்டும் இல்லை, ஆழமாகவும் ஒரே சீராகவும் இருந்தது. பெருமூச்சு இல்லை, விரல் மரமரப்பு இல்லை, நாக்கு வறண்டு கிடந்தது. நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை 480க்கு மேல். சர்க்கரை நோய் முற்றி ரத்தத்தில் அமிலம் ஏறியதால் உடம்பு கரியமில வாயுவை வேண்டுமென்றே வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அந்த மூச்சை மெதுவாக்கச் சொல்லியிருந்தால் அவருக்கு மிச்சமிருந்த ஒரே தற்காப்பையும் பறித்திருப்பேன். சலைன் போட்டு 108இல் ஏற்றி அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார்.

அன்று முதல் குளுக்கோமீட்டர் அலமாரியில் இல்லை. ஆக்சிமீட்டருக்குப் பக்கத்தில், என் மேசையிலேயே இருக்கிறது.